விரல் வைப்பும் கீர்த்தனையின் சுரமும்

நம் ஆலயங்களுக்கு எந்த இசைக்கருவியை வாங்குவது என்னும் கேள்வி சபைக் குழுக்களில் அடிக்கடி எழுகின்றது. விலை என்ன, ஒலி எவ்வளவு தூரம் கேட்கும், வாசிப்பதற்கு ஆள் உண்டா என்பவை பேசப்படுகின்றன. அக்கருவியில் விரல் எவ்வாறு வைக்கப்படுகின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு கருவி எத்தகைய பாட்டைத் தாங்கும், எத்தகைய பாட்டைத் தாங்காது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது விரலும் ஒலியும் சந்திக்கும் இடமே.

இரும்புலியூர், தாம்பரம், பெருங்களத்தூர் ஆகிய பகுதிகளில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுள் பல, திருநெல்வேலி, கன்னியாகுமரி, தஞ்சை, வட ஆற்காடு முதலிய பல இடங்களிலிருந்து வேலையின் பொருட்டு வந்து குடியேறியவை. அவர்கள் தங்களோடு கொண்டுவந்த பாட்டுகள் இருவகை. ஒன்று பாமாலை, ஜெர்மானிய, ஆங்கில இராகங்களில் தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடுவது. 1706ஆம் ஆண்டில் சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்த பின்னர் இவ்வகை நம் நாட்டில் வேர் கொண்டது. மற்றொன்று கீர்த்தனை, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் கருநாடக இசையின் இராக தாளங்களில் இயற்றியது. ஒரே ஞாயிறு ஆராதனையில் இவ்விரண்டும் பாடப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் இன்று பெரும்பாலும் ஒரே கருவி, அதாவது மின்விசைப்பலகை, துணை நிற்கின்றது. ஒரே வகையான விரல்தொழில் இவ்விரு வகைப் பாட்டுகளுக்கும் நீதி செய்ய இயலுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

இதனை ஆராய்வதற்கு ஓர் உரைகல் வேண்டும். தோடி இராகத்தின் காந்தாரத்தை அவ்வுரைகல்லாகக் கொள்வோம். எழுத்தில் அது சாதாரண காந்தாரம் எனப்படும் ஒரே சுரம். பாடும்போதோ அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் அருகிலிருந்து மத்திமம் வரை அசைந்து, அவ்வசைவினாலேயே தன்னைத் தோடியின் காந்தாரம் என்று அறிவிக்கின்றது. அசையாத காந்தாரத்தை வைத்துப் பாடினால் சுரம் சரியாக இருக்கும், தோடி இருக்காது. இந்த ஒரு சுரத்தை வெவ்வேறு கருவிகளில் விரல் எவ்வாறு பிறப்பிக்கின்றது என்று பார்ப்போமானால், விரல் வைப்பு முறைகளின் வேறுபாடு நமக்கு எளிதில் விளங்கும்.

1. பழந்தமிழர் கண்ட விரல்தொழில்

விரல் வைப்பைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலாசிரியனுடைய இலக்கணம் கூறப்படுகின்றது. அதற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், குழலின் ஏழு துளைகளை எந்தெந்த விரல்களால் பற்ற வேண்டும் என்பதையும் விளக்குகின்றார். இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கலாக மூன்று விரல்கள். வலக்கையில் பெருவிரல் நீங்கலாக நான்கு விரல்கள். ஏழு துளைக்கு ஏழு விரல் என்னும் இக்கணக்கு, கருவியின் அமைப்பும் கையின் அமைப்பும் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்தவை என்பதைக் காட்டுகின்றது.

யாழைப் பற்றிய செய்திகள் இன்னும் நுட்பமானவை. கானல்வரியின் தொடக்கத்தில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டு இசைக்கரணங்கள் கூறப்படுகின்றன. வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் என்பது சுட்டுவிரலும் பெருவிரலும் கூடி நரம்பை ஆராய்வது என்றும் பழைய உரை விளக்குகின்றது. விரலின் ஒவ்வோர் அசைவிற்கும் தனிப்பெயர் இட்டு வழங்கும் அளவிற்கு இவ்வாராய்ச்சி முதிர்ந்திருந்தது. யாழ் வழக்கொழிந்தது, அப்பெயர்களும் அதனோடு வழக்கிலிருந்து மறைந்தன. கருவி மறையும்போது கையின் அறிவும் மறைகின்றது என்பதற்கு இது ஒரு சான்று.

2. துளையை மூடும் விரல்

துளைக்கருவிகளில் விரல் நேராகத் துளையின்மீது அமர்ந்து, குழலுக்குள் அசையும் காற்றுத் தம்பத்தின் நீளத்தை மாற்றுகின்றது. தென்னாட்டுப் புல்லாங்குழலில் ஊதும் துளையை அன்றி எட்டுத் துளைகள் உண்டு. அவற்றுள் கடைசித் துளை பொதுவாகத் திறந்தே விடப்படும். ஊதும் துளைக்கு அருகிலுள்ள முதல் இரண்டு துளைகளை மூடி மற்றவற்றைத் திறந்தால் சட்ஜம் பிறக்கும். ஒரு துளையை மட்டும் மூடினால் சதுச்ருதி ரிஷபம். எல்லாவற்றையும் திறந்தால் அந்தர காந்தாரம். வடநாட்டு பான்சுரியில் பொதுவாக ஆறு விரல்துளைகளே உண்டு. அங்கு மேல் மூன்று துளைகளை மூடிய நிலையே சட்ஜமாகக் கொள்ளப்படுகின்றது. ஒரே மூங்கில், ஒரே விரல்கள். ஆனால் ஆதார சுரத்தை எங்கே வைப்பது என்பதில் வழக்கு மாறுவதால், விரல் வைப்பு முழுவதும் மாறிவிடுகின்றது.

இனி உரைகல்லுக்கு வருவோம். தென்னாட்டுக் குழலில் சாதாரண காந்தாரம், முதல் துளையைப் பாதி மூடுவதால் பிறக்கின்றது. பாதி மூடிய விரல் உறுதியான இடத்தில் நிற்பதன்று. அது சிறிதே உருண்டால் சுரம் ஏறும், சிறிதே அமர்ந்தால் இறங்கும். ஆகவே தோடியின் காந்தாரம் வேண்டுகின்ற அசைவு, அவ்விரல் நிற்கும் நிலையிலேயே அடங்கியுள்ளது. கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) கண் பார்வையற்றவர். புல்லாங்குழலைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்திய பெருமை அவருக்கு உரியது. அவருக்குப் பின் வந்த டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) விரல் பிடிப்பையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் கொண்டுவந்தார். குழலில் நிகழ்ந்த பெரிய மாற்றம் மூங்கிலில் நிகழவில்லை. விரலிலும் மூச்சிலும் நிகழ்ந்தது.

நாகசுரத்திலும் விரல்துளைகள் ஏழு. கீழ்ப்பகுதியில் உள்ள மற்றத் துளைகள் விரலுக்குரியவை அல்ல. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சீர்ப்படுத்துவர். இக்கருவியில் நுண்ணிய சுரபேதங்களை விரல் மட்டும் செய்வதில்லை. சீவாளியின்மீது உதடு தரும் அழுத்தமும், உள்ளே செல்லும் காற்றின் வலிமையும் அவ்வேலையைப் பெரிதும் ஏற்றுக்கொள்கின்றன. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி வாசிப்பதில் பெற்ற புகழ் அனைவரும் அறிந்ததே. விரலும் உதடும் மூச்சும் ஒரே நோக்கில் இணையும்போது அந்த ஒரு காந்தாரம் எவ்வளவு விரிவு கொள்ளும் என்பதற்கு அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் சான்று பகர்கின்றன.

மேனாட்டில் துளைக்கருவியின் வரலாறு வேறு திசையில் சென்றது. ஜெர்மனியைச் சேர்ந்த தியோபால்ட் போம் என்பவர் 1832ஆம் ஆண்டிலும் 1847ஆம் ஆண்டிலும் புல்லாங்குழலைத் திருத்தியமைத்தார். துளைகள் ஒலியியல் கணக்கின்படி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அவற்றை வைத்தார். விரல் எட்டாத துளைகளை மூடுவதற்கு உலோக விசைகளை அமைத்தார். இதனால் பன்னிரு சுரங்களும் ஒத்த வலிமையோடு ஒலித்தன. எந்த ஆதார சுரத்திலும் எளிதில் வாசிக்க முடிந்தது. ஆனால் துளையை மூடுவது இப்போது விரலின் சதை அன்று; விசையின் மூடி. பாதி மூடும் தொழில் அங்கே சுருங்கியது. 1846ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற சாக்சபோனும் இத்தகைய விசைக்கருவியே. அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத் (1949–2019) கருவியில் சில மாற்றங்களைச் செய்ததோடு, விசைகள் தர மறுத்த கமகத்தை உதட்டினாலும் மூச்சினாலும் வருவித்தார். ஒரு வாயில் அடைபட்டபோது வேறொரு வாயிலைத் தேடிய முயற்சி அது.

3. நரம்பை இழுக்கும் விரல்

வீணையில் இருபத்துநான்கு மெட்டுகள் உண்டு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிகளுக்கு அவை மெழுகின்மீது நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. விசைப்பலகையிலும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகளே. அவ்வாறாயின் வீணையும் விசைப்பலகையும் ஒரே குறைபாடு உடையவையாக இருக்க வேண்டுமே என்று ஒருவர் வினவலாம். இவ்வினாவிற்கு விடை காண்பது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

வீணையில் இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் தந்தியை மெட்டின்மீது அழுத்துகின்றன. வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் தந்தியை மீட்டுகின்றன; சிறுவிரல் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைத் தொட்டுத் தாளம் காட்டுகின்றது. மீட்டியபின்பும் இடக்கை விரல் தந்தியை விடுவதில்லை. அது தந்தியை மெட்டின் வழியே பக்கவாட்டில் இழுக்கின்றது. இழுக்க இழுக்கத் தந்தியின் விசை ஏறிச் சுரம் உயர்கின்றது. ஒரே மெட்டில், ஒரே மீட்டில், இரண்டு மூன்று சுரங்கள் தொடர்ந்து எழுகின்றன. தோடியின் காந்தாரத்தை வாசிப்பவர் மெட்டைத் தொடக்க இடமாக மட்டுமே கொண்டு, மத்திமத்தை நோக்கி இழுத்தும் தளர்த்தியும் அதனை உருவாக்குகின்றார். மெட்டு நிலையானதாக இருப்பது தடை செய்யவில்லை. சுரம் பிறந்த பின்னும் விரலுக்கும் தந்திக்கும் உள்ள உறவு நீடிக்கின்றது. அவ்வுறவே கமகத்தின் இருப்பிடம்.

வீணையிலும் விரல் மரபுகள் ஒன்றல்ல. தஞ்சாவூர் மரபில் இடக்கையின் இரு விரல்களும் பெரும்பாலும் சேர்ந்தே இயங்கி, வாய்ப்பாட்டின் குழைவை நாடுகின்றன. மைசூர் மரபில் அவ்விரல்கள் பிரிந்து இயங்குவதால் விரைவான சுரக்கோவைகள் தெளிவாக ஒலிக்கின்றன. வீணை தனம்மாள் (1867–1938) மெல்லிய மீட்டிற்கும், எஸ். பாலசந்தர் (1927–1990) ஒரே மெட்டில் பல சுரங்களை எட்டும் ஆழ்ந்த இழுப்பிற்கும் பெயர் பெற்றவர்கள். மேனாட்டு மாண்டலினில் இரட்டைத் தந்திகள் இருந்தமையால் இழுப்பது கடினம். யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளும் மின்னொலிப்பெருக்கமும் உடைய மாண்டலினில் அதே இழுப்பைக் கைவரப் பெற்றார். கருவி எந்த நாட்டது என்பதைவிட, விரல் அதனோடு எவ்வாறு உறவு கொள்கின்றது என்பதே முக்கியமானது என்பதை இது காட்டுகின்றது.

இவ்வுண்மையை மேலும் தெளிவாக்குவது வயலின். மேனாட்டார் அதனைத் தோளுக்கும் முகவாய்க்கும் இடையே பிடித்து வாசிக்கின்றனர். கருநாடக இசையில் தரையில் அமர்ந்து, அதன் சுருள்முனையை வலக்கணுக்கால்மீது ஊன்றி வாசிக்கின்றனர். கருவியின் பாரம் காலுக்கும் மார்புக்கும் சென்றுவிடுவதால், தாங்கும் பொறுப்பிலிருந்து இடக்கை விடுதலை பெற்று, தந்தியின் நெடுகிலும் தடையின்றி வழுக்கிச் செல்கின்றது. மேனாட்டு முறையில் நான்கு விரல்களுக்கும் இலக்கமிட்டு, கை நிற்க வேண்டிய நிலைகளையும் வகுத்துள்ளனர். நம் முறையில் பல சுரங்களை ஒரே விரல் வழுக்கியே தொடுகின்றது. தந்திகளைச் சேர்க்கும் முறையும் வேறு. மேனாட்டில் நான்கு தந்திகளும் ஐந்தாம் சுர இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்கின்றன. நம் முறையில் ச–ப–ச–ப என்று சேர்க்கப்படுகின்றன. ஆகவே கீழ் ஸ்தாயியில் பயின்ற விரல்வைப்பு மேல் ஸ்தாயியிலும் அப்படியே பயன்படுகின்றது. ஐரோப்பியரிடமிருந்து இக்கருவியைக் கற்று நம் இசைக்கு இசைவித்தவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அதனை வளர்த்தார். அவர்கள் கருவியின் உடலில் பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. பிடிக்கும் முறையையும் சுருதி சேர்க்கும் முறையையும் விரலையும் மாற்றினர். அது போதுமானதாயிற்று.

4. கட்டையை அமுக்கும் விரல்

விசைப்பலகையின் தன்மை வேறு. இங்கு விரல் ஒலிக்கும் பொருளைத் தொடுவதில்லை, கட்டையைத் தொடுகின்றது. கட்டை ஒரு கதவைத் திறக்கின்றது, அல்லது ஒரு சுத்தியலை எறிகின்றது, அல்லது ஒரு மின்குறிப்பை அனுப்புகின்றது. சுரத்தின் உயரம் விரல் வருவதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டுள்ளது. அமுக்கிய பின் விரலால் அதனை ஏற்றவோ இறக்கவோ இயலாது.

இதனால் விசைப்பலகையின் விரல்கலை எளியது என்று எண்ணலாகாது. அது வேறு வகையான அறிவை வளர்த்தது. பியானோவில் பெருவிரலை 1 என்றும் சிறுவிரலை 5 என்றும் எண்ணுவர். வயலினிலோ பெருவிரல் கருவியைத் தாங்குவதால் சுட்டுவிரலே 1. இன்று விசைப்பலகையில் இன்றியமையாததாகிய பெருவிரல் முற்காலத்தில் அவ்வளவாகப் பயன்பட்டதில்லை. யோகான் செபாஸ்தியான் பாக் (1685–1750) தம் இளமையில் கேட்ட பெரிய வாசிப்பாளர்கள், அகன்ற இடைவெளிகளுக்கு அன்றிப் பெருவிரலை வைத்ததில்லை என்று கூறியதாக அவருடைய மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் குறிப்பிடுகின்றார். பின்னர்ப் பெருவிரலை மற்ற விரல்களின் கீழே செலுத்தி, கையை இடையறவின்றி நகர்த்தும் முறை நிலைபெற்றது. ஆலய ஆர்கனில் விரலை எடுத்தவுடன் ஒலி நின்றுவிடும். ஆகவே ஒரு கட்டையை அமுக்கியபடியே அதன்மீது விரலை மாற்றி, அடுத்த சுரத்திற்கு மற்ற விரல்களை ஆயத்தம் செய்யும் முறையை ஆர்கன் வாசிப்போர் பயில்கின்றனர். நான்கு குரல்கள் ஒருங்கே நடக்கும் பாமாலை இராகத்தை இரு கைகளின் பத்து விரல்களால் தாங்குவது உயர்ந்த கலையே. பாமாலையில் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நின்று, மற்றச் சுரங்களோடு கூடி ஒலிக்க வேண்டும். நிலையான கட்டை அதற்குப் பொருத்தமானது.

பாரிசில் தெபேன் 1842ஆம் ஆண்டில் ஹார்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றார். அது இந்தியாவிற்கு வந்து கைத்துருத்திப் பெட்டியாக மாறியபோது, இடக்கை துருத்தியை இயக்க, வலக்கையின் ஐந்து விரல்கள் மட்டுமே வாசிப்பிற்கு எஞ்சின. கூட்டிசையை இழந்து, ஒற்றை இராகத்தைப் பின்பற்றும் கருவியாக அது ஆயிற்று. நாடக மேடைகளில் வழங்கிய கால் ஹார்மோனியத்தில் இரு கைகளும் வாசிப்பிற்குக் கிடைத்தன. ஹார்மோனியம் நம் மக்களின் பேச்சிலும் நிலைத்துவிட்டது. பாடுபவரின் சுருதியை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்று நாம் சொல்வது அதன் கட்டைகளை எண்ணியே. வெள்ளைக் கட்டைகள் முழு எண். கறுப்புக் கட்டைகள் அரை. மூன்றாம் கட்டைக்கும் நான்காம் கட்டைக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாமையால் மூன்றரைக் கட்டை என்ற சுருதியும் இல்லை. எனினும் கமகத்திற்கு அது இடந்தராது என்பதை இசையறிஞர் பலர் எடுத்துக்காட்டினர். அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதனை விலக்கி வைத்தது. 1971ஆம் ஆண்டில்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது.

தோடியின் காந்தாரத்தை விசைப்பலகையில் எவ்வாறு வாசிப்பது? ரிஷபம், காந்தாரம், மத்திமம் ஆகிய மூன்று கட்டைகளையும் விரைவாக மாறி மாறித் தொட்டு, அசைவு போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்கலாம். கேட்போரின் காது இரக்கங் கொண்டு அதனை ஏற்கும். ஆனால் அது படிக்கட்டில் ஏறி இறங்குவது. சரிவில் வழுக்குவது ஆகாது. இக்காலத்து மின்விசைப்பலகைகள் பலவற்றில் சுரத்தை வளைக்கும் சிறு சக்கரம் ஒன்று இடப்புறத்தில் உண்டு. வலக்கை கட்டையை அமுக்கும்போது இடக்கை விரல் அச்சக்கரத்தை உருட்டினால் சுரம் தொடர்ச்சியாக ஏறி இறங்கும். கருநாடக இசையை விசைப்பலகையில் வாசிப்போர் இதனை நுட்பமாகப் பயன்படுத்துகின்றனர். வீணையில் இடக்கை செய்த தொழிலையே அவர்கள் இடக்கைக்கு மீட்டுத் தந்துள்ளனர் எனலாம்.

5. விரலும் எழுத்தும்

மேனாட்டு இசைப்புத்தகத்தில் சுரக்குறியின் மேல் விரல் இலக்கம் அச்சிடப்படுவதுண்டு. மாணவன் ஆசிரியரின்றியும் எந்த விரலை வைப்பது என்று அறிந்துகொள்கின்றான். நம் சுரக்குறிப்பில் அத்தகைய இலக்கம் பொதுவாக இல்லை. விரலின் அறிவு குருவின் கையிலிருந்து சீடனின் கைக்கு நேராகச் செல்கின்றது. மிருதங்கத்தில் இது வாய்வழியாக வருகின்றது. தொம், நம், தின் முதலிய ஒவ்வொரு சொல்லும் எந்தக் கையின் எந்த விரல் எங்கே விழ வேண்டும் என்பதை உணர்த்தும். தவிலில் வலக்கை விரல்களுக்குக் கெட்டியான கூடுகளை அணிந்து வாசிப்பதால், அங்கே விரல் தொடுவதும் ஒலிப்பதும் வேறாகின்றன.

விரலின் அசைவை எழுத்தில் பதிக்க முயன்ற பெருநூல், எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. அவர் பாலுசுவாமி தீட்சிதரின் பேரனும் சுவீகார புத்திரனும் ஆவார். கமகங்களுக்கு அவர் தனிக்குறிகள் அமைத்து, அவற்றை வீணையில் விரல் செய்யும் தொழிலைக் கொண்டே விளக்குகின்றார். வலி, ஒதுக்கல் என்பவை தந்தியை மெட்டில் இழுக்கும் வகைகள். ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்பவை விரல் தந்தியில் ஏறியும் இறங்கியும் வழுக்குதல். கமகத்தின் பெயரே விரலின் பெயராக நிற்கின்றது. இந்நூல் வெளிவரத் தூண்டியவர்களுள் ஒருவர், கருநாடக இசையை ஐரோப்பியக் குறிமுறையில் பதிப்பிக்கத் தொடங்கிய ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர் என்பதை நம்மவர் நினைவில் கொள்வது நன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் தந்தியின் நீளத்தை அளந்து சுருதிகளைக் கணக்கிட்டார். 1916ஆம் ஆண்டின் பரோடா மாநாட்டில் அவர் தம் கொள்கையை விளக்கியபோது, அவருடைய புதல்வியர் வீணையில் வாசித்துக் காட்டினர். கணக்கை மெய்ப்பிக்க இறுதியில் விரலே அழைக்கப்பட்டது.

6. நம் ஆலயங்களுக்கு இதன் பொருள்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு தோன்றுகின்றது. சுரம் பிறந்த பின்னும் விரல் அதனோடு உறவு கொண்டிருக்கும் கருவிகள் உண்டு. சுரம் பிறந்தவுடன் விரலின் அதிகாரம் முடிந்துவிடும் கருவிகளும் உண்டு. பாமாலைக்குப் பின்னது பொருந்தும். கீர்த்தனைக்கு முன்னது வேண்டும்.

கீர்த்தனை நூல்களில் பாட்டின் தலைப்பில் இராகத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கின்றது. விசைப்பலகை மட்டுமே துணை நிற்கும் சபையில் நிகழ்வதைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். கட்டை காட்டும் நேரான சுரத்தையே மக்களின் குரலும் பின்பற்றுகின்றது. அசைந்த காந்தாரம் நிற்கத் தொடங்குகின்றது. அடுத்த தலைமுறை அந்நேர்ச்சுரத்தையே மூலப்பாட்டு என்று கற்கின்றது. தலைப்பில் தோடி என்று அச்சிட்டிருக்கும். பாட்டில் தோடி இருக்காது. முதியவர்கள் மட்டும் ஓரிரு இடங்களில் குழைத்துப் பாடுவர். இளைஞர் அதனைச் சுருதி பிசகு என்று எண்ணக்கூடும். யாருக்கும் தீய நோக்கமின்றி, யாரும் தீர்மானம் நிறைவேற்றாமல், ஒரு மரபு இவ்வாறு விரல்நுனியிலிருந்து நழுவிப்போகின்றது.

இதற்குப் பரிகாரமாக விசைப்பலகையை ஆலயத்திலிருந்து அகற்றுமாறு நாம் கூறவில்லை. அது பாமாலைக்கு இன்றியமையாதது. சிறு சபைகளில் அதனை விட்டால் வேறு கருவியும் இல்லை. ஆனால் சில காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, விசைப்பலகை வாசிப்பவர் கீர்த்தனையை முதலில் வாயால் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தச் சுரம் நிற்கின்றது, எந்தச் சுரம் அசைகின்றது என்பதைக் குரல் அறிந்த பின்பே விரல் அறியும்.

இரண்டாவது, இராகங்களை வேறுபடுத்தி நோக்க வேண்டும். சங்கராபரணத்தின் சுரங்கள் மேனாட்டு மேஜர் அளவுகோலின் கட்டைகளிலேயே அமைவன. சங்கராபரணம், மோகனம் போன்றவற்றில் அமைந்த எளிய கீர்த்தனைகளுக்கு விசைப்பலகை ஓரளவு துணை செய்யும். தோடி, சாவேரி, ஆனந்தபைரவி, பேகடா போன்றவற்றில் அது அசையும் சுரங்களைத் தொடாமல் விலகி, சட்ஜ பஞ்சமங்களைப் பிடித்துச் சுருதி மட்டும் தந்து நிற்பது மேலானது. வாசிக்காமல் இருக்கத் தெரிவதும் விரற்பயிற்சியில் ஒரு பகுதியே.

மூன்றாவது, சுருதி மாற்றும் பொத்தானைப் பற்றியது. ஒரே கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு பயின்று, வேண்டிய சுருதிக்குப் பொத்தானை அமுக்கிக்கொள்ளும் வழக்கம் நம் பகுதி இளைஞரிடையே பரவியுள்ளது. இதனை முற்றிலும் குறை கூற இயலாது. வீணையிலும் வயலினிலும் சுருதியை மாற்றிச் சேர்த்தால் விரல்வைப்பு மாறுவதில்லை. குழல் வாசிப்போர் வேறு சுருதிக்கு வேறு குழலை எடுக்கின்றனர். ஆகவே கீர்த்தனைக்குப் பொத்தான் நம் மரபுக்கு முரணானதன்று. பாமாலைக்கோ, அச்சிட்ட கூட்டிசையை அதற்குரிய கட்டைகளில் வாசிக்கும் விரற்பயிற்சி வேண்டும். பொத்தானையே நம்புபவர் அப்பயிற்சியை ஒருபோதும் பெறார். மின்சாரம் நின்று, பழைய ஹார்மோனியத்தை எடுக்க நேரும் நாளில் இக்குறை வெளிப்படும்.

நான்காவது, ஒவ்வொரு குருசேகரத்திலும் குறைந்தது ஒருவரேனும் வயலின் அல்லது புல்லாங்குழல் பயிலுமாறு ஊக்குவிக்க வேண்டும். வயலின் பாமாலையின் நேர்ச்சுரத்தையும் கீர்த்தனையின் அசைவையும் ஒரே தந்தியில் தர வல்லது. இரண்டு மரபுகளையும் உடைய நம் சபைகளுக்கு அதனினும் ஏற்ற கருவி வேறு காண்பது அரிது. ஞாயிறு பள்ளிக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஓர் ஆசிரியரை அமர்த்துவது நம் சபைகளால் கூடாத காரியமன்று.

ஐந்தாவது, இறையியல் கல்லூரிகளில் இசைப்பாடம் பெரும்பாலும் பாட்டின் பொருளையும் வரலாற்றையும் கற்பிக்கின்றது. எதிர்கால ஆயர் ஒருவர் எல்லாக் கருவிகளையும் வாசிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வீணையின் மெட்டில் தந்தியை ஒருமுறையேனும் தம் விரலால் இழுத்துப் பார்த்திருப்பாரானால், தம் சபையின் இசைக்குழுவினரோடு அறிவுடன் உரையாடுவார்.

வேதத்தில் தாவீது சவுலுக்கு முன்பாகச் சுரமண்டலம் வாசித்த செய்தியை 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம் கூறுகையில், அவன் தன் கையினால் வாசித்தான் என்பதைத் தனியே குறிப்பிடுகின்றது. கையின்றி வாசிப்பு இல்லை. ஆயினும் ஆசிரியர் கையைச் சொல்லாமல் விடவில்லை. பாபிலோனின் ஆறுகளருகே பாட மறுத்தவர்களின் சங்கீதம் இன்னும் ஆழமானது. எருசலேமை மறப்பேனானால் என் வலக்கை மறக்கட்டும் என்னும் கருத்தமைந்த 137ஆம் சங்கீதத்தின் 5ஆம் வசனத்தில், வலக்கை எதை மறக்க வேண்டும் என்பது எபிரெய மூலத்தில் சொல்லப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர்களே தொழில், திறமை முதலிய சொற்களைச் சேர்த்துள்ளனர். முன் வசனங்களில் கின்னரங்கள் மரங்களில் தொங்கவிடப்பட்டுள்ளமையை நோக்கினால், நரம்பை மீட்டும் அறிவையே கை மறப்பதாக அவ்வாணை கருதுகின்றது என்று கொள்ளுதல் பொருந்தும். பாட்டின் சொற்களை நூல் காக்கும். இராகத்தின் பெயரை அச்சு காக்கும். அவ்விராகம் ஒலியாக நிற்பது கையின் நினைவினால். அந்நினைவைப் புத்தகத்தில் எழுதி வைத்துச் செல்ல இயலாது. கற்ற கை ஒன்று, கற்கும் கை ஒன்றிற்கு அதனைக் காட்டித் தர வேண்டும். நம் சபைகளில் கற்ற கைகள் இன்னும் சில உள்ளன.